வாசுதேவன் பாஸ்கரன்: ஹாக்கி அணித்தலைவரிலிருந்து பயிற்சியாளர் வரை

வாசுதேவன் பாஸ்கரன் (பிறப்பு: 1950) இந்திய ஹாக்கி ஆட்டக்காரர், பயிற்சியாளர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 1980-ல் மாஸ்கோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர். இந்தியா ஹாக்கியில் வென்ற எட்டாவது ஒலிம்பிக் தங்கம் அது. அதன்பின் இன்றுவரை ஹாக்கியில் இந்தியா ஒலிம்பிக் தங்கம் வெல்லவில்லை. பாஸ்கரன் பிற்காலத்தில் 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கிலும் 2006-ல் உலகக் கோப்பையிலும் இந்திய அணியின் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

ஆட்டக்காரராகப் பெற்ற வெற்றி பயிற்சியாளராக அவருக்குக் கிட்டவில்லை. தனி ஒருவரின் ஏற்ற இறக்கமாக மட்டும் இதைப் பார்க்க முடியாது. அவர் ஆடிய ஹாக்கியும் பயிற்றுவித்த ஹாக்கியும் ஒன்றல்ல. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் தரை, விதி, ஆட்டமுறை மூன்றும் மாறின. இந்திய ஹாக்கி அந்த மாற்றத்தை எதிர்கொண்ட வரலாறு பாஸ்கரனின் வாழ்க்கையில் சுருக்கமாகக் காணக்கிடைக்கிறது.

சென்னையின் ஹாக்கி மரபு

தமிழில் வளைதடிப் பந்தாட்டம், வளைகோல் பந்தாட்டம் எனவும் அழைக்கப்படும் ஹாக்கி, பிரிட்டிஷ் ராணுவ முகாம்கள், மன்றங்கள், மிஷன் பள்ளிகள் வழியாக இந்தியாவில் பரவியது. சென்னையில் கல்லூரிகளும் ரயில்வே, காவல்துறை, வங்கி அணிகளும் அதை வளர்த்தன. எம்.சி.சி. - முருகப்பா தங்கக் கோப்பைப் போட்டி நாட்டின் முக்கியமான அணிகளைச் சென்னைக்கு வரவழைத்தது. தெற்கே கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊராக ஆனது.

பாஸ்கரனுக்கு முன்பே சென்னையிலிருந்து ஒலிம்பிக் ஆட்டக்காரர்கள் உருவாகியிருந்தனர். விக்டர் ஜான் பீட்டர் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஆடி மூன்றிலும் பதக்கம் பெற்றார். அவருடைய தம்பி வி.ஜே. பிலிப்ஸ் 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். கிருஷ்ணமூர்த்தி பெருமாள் 1968, 1972 ஒலிம்பிக் போட்டிகளில் வெண்கலம் பெற்ற அணிகளில் ஆடினார். சென்னை லயோலா கல்லூரியில் படித்த பாஸ்கரன் இந்த வரிசையில் வருபவர்.

அன்று ஹாக்கி ஊதியம் தரும் தொழில் அல்ல. ஆட்டத்திறனைக் காட்டி அரசு நிறுவனத்திலோ வங்கியிலோ வேலை பெறுவதும், அந்த நிறுவனத்தின் அணிக்காக ஆடுவதும், இந்திய அணிக்குத் தேர்வானால் விடுப்பு பெற்று முகாமுக்குச் செல்வதும்தான் வழக்கம். பயிற்சியாளர்களும் பெரும்பாலும் அவ்வாறே வந்து சென்றனர். இந்திய ஹாக்கியில் ஏலம், ஒப்பந்தம் போன்றவை பரவலானது 2013-ல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்குக்குப் பிறகுதான்.

மாண்ட்ரியல், 1976

பாஸ்கரன் ஹாஃப் வரிசை ஆட்டக்காரர். தற்காப்புக்கும் முன்வரிசைக்கும் இடையில் நின்று, எதிரணியின் தாக்குதலைத் தடுப்பதும் பந்தை முன்வரிசைக்கு எடுத்துக் கொடுப்பதும் இந்த வரிசையின் வேலை. ஆட்டத்தின் இரு பக்கங்களையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம் என்பதால் பல அணித்தலைவர்கள் இந்த வரிசையிலிருந்து வந்திருக்கிறார்கள். 1975 உலகக் கோப்பை வென்ற அணியின் தலைவர் அஜீத்பால் சிங்கும் ஹாஃப் வரிசை ஆட்டக்காரரே.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அஜீத்பால் சிங் தலைமையிலான அணியில் பாஸ்கரனும் வி.ஜே. பிலிப்ஸும் இடம்பெற்றனர். உலகக் கோப்பை வென்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆனால் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் வரலாற்றில் முதல்முறையாக ஹாக்கி செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 1–6 எனத் தோற்றது. இறுதியில் ஏழாம் இடம் கிடைத்தது. 1928 முதல் மாண்ட்ரியலுக்கு முன்புவரை ஆடிய எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற இந்திய ஹாக்கி அணி முதன்முதலாக வெறுங்கையுடன் திரும்பியது. நியூசிலாந்து தங்கம் வென்றது.

மண்ணிலும் புல்லிலும் பந்து ஒரே சீராக உருளாது. மேடு பள்ளத்தில் துள்ளும் பந்தைக் கோலோடு ஒட்டவைத்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி எதிரியை ஏமாற்றிச் செல்வது இந்திய ஆட்டமுறையின் அடிப்படை. செயற்கைத் தரையில் பந்து வேகமாகவும் நேராகவும் செல்லும். அங்கே ஓட்டத்தின் வேகம், நீண்ட பாஸ், பலமான அடி, ஓயாத உடல்வலிமை ஆகியவை முதன்மையாகின்றன. பாஸ்கரன் இந்த மாற்றத்தின் முதல் அடியைக் களத்திலேயே நின்று வாங்கியவர்.

மாஸ்கோ, 1980

நான்கு ஆண்டுகள் கழித்து மாஸ்கோ ஒலிம்பிக்கில் பாஸ்கரன் அணித்தலைவரானார். பயிற்சியாளர் பால்கிஷன் சிங் 1956-ல் தங்கமும் 1960-ல் வெள்ளியும் வென்ற அணிகளில் ஆடியவர். அணியில் பெரும்பாலோர் ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள். முகமது ஷாகித், ஜாஃபர் இக்பால், மெர்வின் ஃபெர்னாண்டஸ், எம்.கே. கௌசிக், சுரிந்தர் சிங் சோதி ஆகியோர் முன்வரிசையில் ஆடினர்.

ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, நடப்புச் சாம்பியனான நியூசிலாந்து ஆகிய அணிகள் ஹாக்கியில் பங்கேற்கவில்லை. ஆறு அணிகள் மட்டுமே ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடனும் ஆடி, முதல் இரண்டு இடம் பெறும் அணிகள் இறுதி ஆட்டத்துக்குச் செல்லும் முறை பின்பற்றப்பட்டது.

இந்தியா தான்சானியாவை 18–0 எனவும் கியூபாவை 13–0 எனவும் வென்றது. போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2–2 எனச் சமன் செய்தது. சோவியத் ஒன்றியத்தை 4–2 என வென்று இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்தது.

1980 ஜூலை 29 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா ஸ்பெயினைச் சந்தித்தது. சோதி இரண்டு கோல்களும் கௌசிக் ஒரு கோலும் அடிக்க இந்தியா 3–0 என முன்னிலை பெற்றது. ஸ்பெயினின் ஹுவான் அமத் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் அடித்தார். ஷாகித் நான்காவது கோலை அடித்தார். அமத் தன் மூன்றாவது கோலை அடித்து இடைவெளியை மீண்டும் ஒன்றாகக் குறைத்தார். கடைசி நிமிடங்களில் ஸ்பெயின் தொடர்ந்து தாக்க, இந்தியத் தற்காப்பு தாங்கி நின்றது. ஆட்டம் 4–3 என முடிந்தது. அத்தொடரில் சோதி மொத்தம் 15 கோல்கள் அடித்தார்.

மாஸ்கோ வெற்றியைப் பற்றி இரண்டு பார்வைகள் உண்டு. வலுவான அணிகள் வராததால் கிடைத்த தங்கம் என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1982-ல் தில்லி ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 1–7 எனத் தோற்றது. 1984 ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்றது. 1986 உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் கடைசியாக வந்தது. செயற்கைத் தரைக்கு இந்தியா பழகிவிட்டது என்ற தோற்றத்தை மாஸ்கோ தந்தது. அது உண்மையல்ல என்பது பிறகே தெரிந்தது. மறுபக்கம், மாஸ்கோவிலும் ஹாக்கி செயற்கைத் தரையில்தான் ஆடப்பட்டது. நாட்டில் அத்தகைய தரையில் பயிற்சிபெறும் வாய்ப்பு மிக அரிதாக இருந்த காலத்தில், புதியவர்கள் நிறைந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தங்கம் வென்றது சிறிய செயலல்ல. பாஸ்கரனுக்கு அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன.

தரையின் பொருளாதாரம்

ஹாக்கி மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். ஏறத்தாழ 5,000 சதுர மீட்டர் பரப்பு முழுவதும் செயற்கைப் புல் விரிக்க வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் தரைக்குத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியபின்தான் ஆடுவார்கள். சில ஆண்டுகளில் விரிப்பைப் புதுப்பிக்கவும் வேண்டும். கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் கொண்டது. அதன் பரப்பு 420 சதுர மீட்டர்தான். ஹாக்கி மைதானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சிமெண்ட் தளமும் இரண்டு கம்பங்களும் மின்விளக்கும் இருந்தால் போதும்.

இந்த வேறுபாட்டின் விளைவைத் தேனி மாவட்டத்தில் காணலாம். பெரியகுளத்தில் பல பத்தாண்டுகளாகக் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடந்துவருகிறது. நாட்டின் பெரிய அணிகள் அந்தச் சிற்றூருக்கு வந்து ஆடுகின்றன. அருகிலுள்ள வடுகபட்டி போன்ற பேரூராட்சிகளின் சிறுவர்கள் தேசிய அளவிலான ஆட்டத்தைத் தம் வட்டாரத்திலேயே, தாங்கள் ஆடும் அதே வகைத் தளத்தில் பார்க்க முடிகிறது. ஹாக்கியில் 1976-க்குப் பிறகு அது இயலாததாகிவிட்டது. பள்ளியின் மண் மைதானத்தில் ஹாக்கி கற்ற சிறுவன், மாநில அணிக்கோ இந்திய முகாமுக்கோ வந்த பிறகே செயற்கைத் தரையில் கால்வைத்தான். ஐரோப்பாவில் மன்றங்களின் சிறுவர் அணிகளே அத்தகைய தரையில் ஆடத் தொடங்கியிருந்தன.

சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கம் செயற்கைத் தரையுடன் அமைந்தபின், 1996-ல் உலகின் முன்னணி அணிகள் ஆடும் சாம்பியன்ஸ் டிராபி அங்கே நடந்தது. ஆனால் மாண்ட்ரியலுக்கும் அதற்கும் இடையில் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

தரையோடு விதிகளும் மாறின. பாஸ்கரன் ஆடிய காலத்தில் ஆஃப்சைடு விதி இருந்தது. மாற்று ஆட்டக்காரர்களை இறக்கக் கட்டுப்பாடு இருந்தது. 1992-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டக்காரர்களை மாற்றலாம் என்ற விதி வந்தது. 1996-ல் ஆஃப்சைடு கைவிடப்பட்டது. ஆஃப்சைடு இல்லாததால் முன்வரிசையினர் எதிரணியின் கோலருகிலேயே நிற்க முடிந்தது. தற்காப்பு முழுவதும் புதிதாகத் திட்டமிடப்பட வேண்டியதாயிற்று. ஆட்டத்தின் நடுவே யாரை எப்போது மாற்றுவது என்பது பயிற்சியாளரின் அன்றாட முடிவாயிற்று. களத்துக்கு வெளியே நிற்பவரின் பொறுப்பு முன்பைவிடப் பலமடங்கு கூடியது.

சிட்னி, 2000

1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கித் தங்கம் வென்றது. தன்ராஜ் பிள்ளை அணித்தலைவர். பயிற்சியாளர் எம்.கே. கௌசிக், மாஸ்கோவில் பாஸ்கரனின் தலைமையில் ஆடியவர். அவ்வெற்றிக்குப் பின் தன்ராஜ் உட்பட முக்கியமான ஆட்டக்காரர்கள் சிலர் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். கௌசிக்கும் பதவியில் நீடிக்கவில்லை. சிட்னி ஒலிம்பிக்குக்குச் சென்ற அணிக்குப் பாஸ்கரன் பயிற்சியாளராக இருந்தார். ரமன்தீப் சிங் தலைவர். தன்ராஜ் அணிக்குத் திரும்பியிருந்தார். சென்னையைச் சேர்ந்த முகமது ரியாஸும் அணியில் இருந்தார்.

சிட்னியில் இந்தியா முதலில் அர்ஜென்டினாவை 3–0 என வென்றது. சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவுடன் 2–2 எனச் சமன் செய்தது. மாண்ட்ரியலில் 1–6 எனத் தோற்ற அணியில் ஆடியவர், அதே எதிரணிக்கு எதிராகச் சமமாக ஆடிய அணியைப் பயிற்றுவித்திருந்தார். தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றாலும் ஸ்பெயினை இந்தியா 3–2 என வென்றது. குழுவில் வலுக் குறைந்ததாகக் கருதப்பட்ட போலந்தை வென்றால் அரையிறுதி உறுதி என்ற நிலை உருவானது.

போலந்துக்கு எதிராக இந்தியா 1–0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் அடித்தது. ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. அரையிறுதி வாய்ப்பு தென்கொரியாவுக்குச் சென்றது. தென்கொரியா இறுதி ஆட்டம்வரை முன்னேறி வெள்ளி வென்றது. இந்தியா ஏழாம் இடத்துடன் திரும்பியது.

இருபது ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோவிலும் இந்தியா போலந்துடன் சமன் செய்திருந்தது. அங்கே அந்த முடிவு தங்கத்தைத் தடுக்கவில்லை. இங்கே பதக்கத்துக்கான வாய்ப்பையே பறித்தது. மாண்ட்ரியலிலும் சிட்னியிலும் இந்தியா பெற்ற இடம் ஏழுதான். ஆனால் 1984 முதல் 2004 வரை நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா பெற்ற இடங்கள் 5, 6, 7, 8, 7, 7 என்பதையும், அரையிறுதி சிட்னியில் ஒரு கோல் தொலைவில் இருந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த ஏழாம் இடம் எண் காட்டுவதைவிட மேலானது என்பது புலப்படும்.

மீண்டும் பயிற்சியாளர், 2006

பாஸ்கரன் 2006-ல் மீண்டும் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். ஜெர்மனியின் மொன்ஷென்கிளாட்பாக் நகரில் நடந்த உலகக் கோப்பையில் திலீப் திர்கே தலைமையிலான அணி ஆடியது. பன்னிரண்டு அணிகளில் இந்தியாவுக்குப் பதினோராம் இடமே கிடைத்தது. மாஸ்கோ தலைவரின் பயிற்சியாளர் வாழ்க்கையில் மிகக் கடுமையான தோல்வி இது.

இந்தத் தோல்வியை அந்தக் காலகட்டத்தின் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 2002 உலகக் கோப்பையின்போது போட்டி நடந்துகொண்டிருக்கையிலேயே பயிற்சியாளர் செட்ரிக் டிசோசா நீக்கப்பட்டு சி.ஆர். குமார் பொறுப்பேற்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் ராஜிந்தர் சிங் நீக்கப்பட்டு ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் ராக் நியமிக்கப்பட்டார். பாஸ்கரனுக்குப் பின் ஜோக்கிம் கார்வாலோ பொறுப்பேற்றார். 2008 மார்ச்சில் சிலியின் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0–2 எனத் தோற்ற இந்தியா, 1928-க்குப் பிறகு முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியில் இடம்பெறத் தவறியது. அடுத்த மாதமே இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் நிர்வாகம் இடைநீக்கம் செய்யப்பட்டது.

பயிற்சியாளருக்குக் கிடைக்கும் காலம்

ஆட்டக்காரர் பயிற்சியாளராவது உலகெங்கும் உள்ள வழக்கம். அவருக்கு எவ்வளவு காலம் தரப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் கோனி மேக் இதற்கு மறுமுனை எடுத்துக்காட்டு. பந்து பிடிக்கும் கேட்சராகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆடியபின், 1901 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டுகள் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் மேலாளராக இருந்தார். அவருடைய அணி ஐந்து முறை உலகத் தொடரை வென்றது. அதே அணி 1915 முதல் 1921 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடத்தில் இருந்தது. அப்போதும் அவர் நீக்கப்படவில்லை. அணியின் உரிமையில் அவருக்கும் பங்கு இருந்தது அதற்கு முக்கியக் காரணம். 1929, 1930 ஆண்டுகளின் வெற்றிகள் அந்த நீண்ட தோல்விக் காலத்துக்குப் பிறகு வந்தவை.

மேக்கின் நிலை விதிவிலக்கு. அணியின் உரிமையாளரே மேலாளராக இருப்பது ஒரு நாட்டின் அணிக்குப் பொருந்தாது. எனினும் தோல்விக்குப் பின்னும் அணியைத் திரும்பக் கட்டக் காலம் வேண்டும் என்பதை அது காட்டுகிறது. இந்திய ஹாக்கியில் 1998 முதல் 2008 வரையிலான பத்தாண்டுகளில் கௌசிக், பாஸ்கரன், டிசோசா, குமார், ராஜிந்தர் சிங், ராக், கார்வாலோ என அடுத்தடுத்துப் பயிற்சியாளர்கள் மாறினர். வென்றவரும் தோற்றவரும் ஒரே வேகத்தில் வெளியேறினர். புதிய விதிகளுக்கும் தரைக்கும் ஏற்ற ஆட்டமுறையை ஒருவர் வகுத்து, அது ஆட்டக்காரர்களிடம் படிந்து, பலன் தரும் வரை யாரும் பொறுப்பில் இருக்கவில்லை.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா ஜெர்மனியை 5–4 என வென்று வெண்கலம் பெற்றது. மாஸ்கோவுக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்து வந்த பதக்கம் அது. பயிற்சியாளர் கிரஹாம் ரீட், 1992-ல் வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஆடியவர். 2019 முதல் அணியோடு இருந்தார். ஒடிசா அரசின் நிதியுதவி, நல்ல தரைகள், ஆண்டு முழுவதும் நடக்கும் முகாம் ஆகியவை அவருக்குக் கிடைத்தன. ரீட்டும் ஆட்டக்காரராயிருந்து பயிற்சியாளரானவர்தான். பாஸ்கரனுக்கு வாய்க்காத சூழல் அவருக்கு வாய்த்தது.

வரலாற்று இடம்

மாஸ்கோவின் தங்கத்தால் பாஸ்கரன் இந்திய விளையாட்டு வரலாற்றில் நிலைத்த இடம் பெறுகிறார். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கடைசி இந்திய ஹாக்கி அணியின் தலைவர் என்ற அடையாளம் இன்னும் அவருடையதே. பயிற்சியாளராக அவருடைய பெயர் சிட்னியின் கடைசி இரண்டு நிமிடங்களோடும் 2006-ன் பதினோராம் இடத்தோடும் சேர்த்துப் பேசப்படுகிறது.

இவ்விரண்டையும் தனித்தனியாக அல்லாமல் ஒரே வரலாறாகக் காண்பதே பொருத்தமானது. மண் தரையில் ஆடக் கற்றுச் செயற்கைத் தரையில் வென்ற தலைமுறையைச் சேர்ந்தவர் பாஸ்கரன். அவர் பயிற்றுவித்த தலைமுறையும் பெரும்பாலும் மண் தரையிலிருந்தே வந்தது. எதிரணிகள் அவ்வாறு வரவில்லை. அந்த இடைவெளியை ஒரு பயிற்சியாளர் சில மாதங்களில் நிரப்பிவிட முடியாது. அவருடைய வாழ்க்கையிலிருந்து இந்திய ஹாக்கி பெற்றிருக்கக்கூடிய படிப்பினை இது. அதை ஏற்றுக்கொள்ள 2008-ன் வீழ்ச்சி தேவைப்பட்டது.